பாலாறு வந்த நாளில் அத்தைக்குக் கல்யாணம்

காலை ஆறே முக்காலுக்கு கிரேஸ் அத்தையின் போன் அடித்தது.

அத்தை அப்போதுதான் சந்தன நிறப் பட்டுப் புடவையின் மடிப்பைச் சரிசெய்து முடித்து, கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தாள். நான் அவள் தலையில் மல்லிகைச் சரத்தை வைத்துக் குத்திக்கொண்டிருந்தேன். என் வாயில் மூன்று கொண்டை ஊசிகள். வெளியே ஐந்தாவது நாளாக மழை. புடவையின் பாச்சா உருண்டை வாசனையும் ஈர மல்லிகையின் வாசனையும் கலந்து அந்தச் சின்ன அறையில் நின்றன.

போனில் பேசியது மாப்பிள்ளை.

"சிஸ்டர், பாலத்து மேல தண்ணி போவுது. போலீஸ் கயிறு கட்டிட்டாங்க. ஆம்பூர் பக்கம் யாரையும் விடல."

அத்தை கையிலிருந்த சீப்பைக் கீழே வைத்தாள். பிறகு கேட்டாள்: "டிபன் சாப்ட்டீங்களா? பிரஷர் மாத்திரை போட்டீங்களா?"

கல்யாணம் ஒன்பதரை மணிக்கு. அத்தைக்கு வயது ஐம்பத்தொன்பது. அவளுக்கு அதுதான் முதல் கல்யாணம்.

போன வாரம் இந்தப் பக்கங்களில் அத்தையைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன். "அறுபதை நெருங்கும்போது கல்யாணம் செய்துகொண்டவள்" என்று எழுதியிருந்தேன். அதற்கு மேல் எதுவும் சொல்லாமல் போனது நியாயமா என்று மூன்று வாசகிகள் கேட்டுவிட்டார்கள். நியாயமில்லைதான். இதோ, முழுக்கதை.

முன் சீட்டு சிஸ்டர்

கிரேஸ் அத்தை என் அப்பாவின் தங்கை. எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அத்தை வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆம்பூரிலிருந்து விடியற்காலை முதல் பஸ்ஸில் போவாள், சாயங்காலம் திரும்புவாள். இருபது வருடத்துக்கும் மேல் அதே பஸ், அதே சீட்டு. டிரைவருக்கு இடப்பக்கம், கதவை ஒட்டிய முதல் சீட்டு.

அந்த பஸ்ஸை ஓட்டியவர் எபினேசர். பாலாற்றுக்கு அக்கரையில், குடியாத்தம் போகும் வழியில் ஒரு கிராமத்துக்காரர். அத்தனை வருடத்தில் அவர்கள் பேசிக்கொண்டது மொத்தம் பத்து வாக்கியம் இருந்தால் அதிகம். "இன்னா சிஸ்டர், நேத்து லீவா?" "ஆமாங்க, ஜுரம்." அவ்வளவுதான். அவருக்குக் குடும்பம் இருந்தது. அத்தை பெரும்பாலும் பள்ளிகொண்டா வரைக்கும் தூங்கிவிடுவாள்.

பிறகு அவர் மனைவி காலமானார். மகளுக்குக் கல்யாணம் ஆனது. இருவருமே ரிட்டயர் ஆனார்கள்.

மறுபடி சந்தித்தது ஒரு வங்கியில். பென்ஷன் வாங்குகிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறை உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்க வேண்டும். கைரேகை மெஷினில் அத்தையின் விரல் பதியவே இல்லை. முப்பது வருடம் மருந்துத் தண்ணீரில் கழுவிக் கழுவி ரேகை தேய்ந்துபோயிருந்தது. ஐந்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தும் மெஷின் சிவப்பு விளக்கே காட்டியது.

வரிசையில் பின்னாலிருந்து ஒரு குரல் வந்ததாம். "ஏம்பா, இவங்க இருவது வருஷம் என் வண்டில வந்தவங்க. உயிரோடதான் இருக்காங்க. நான் சாட்சி!"

வங்கியே சிரித்தது. அத்தையும் சிரித்தாள். அவரும் அவளும் எதிர்க்கடையில் டீ குடித்தார்கள். அடுத்த வருடச் சான்றுக்கு இருவரும் ஒன்றாகவே போனார்கள். அதற்கடுத்த மாதம் அத்தை இட்லிக்கு மாவு கரைத்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னாள்: "அண்ணி, நான் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன்."

அம்மா கரண்டியைக் கீழே போட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டாள். நைனா மட்டும் கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனார்.

ஓலை வாசித்த ஞாயிறு

நைனா டேனரியில் தோல் ரகம் பிரிப்பவராக இருந்தவர். தோலின் மேல் உள்ளங்கையை ஒருமுறை ஓட்டினால் போதும், முதல் ரகமா மூன்றாம் ரகமா என்று சொல்லிவிடுவார். மனிதர்களையும் அப்படியே தரம் பிரிக்கும் பழக்கம் அவருக்கு ஒட்டிக்கொண்டது. எபினேசரை அவர் பார்க்கவேயில்லை. பார்க்காமலே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"அறுவத்திரெண்டு வயசு. பேரன் வேற இருக்கான். ரிஜெக்ட் பீஸு."

"உங்க தங்கச்சிக்கு மட்டும் இன்னா, பதினெட்டா?" என்றாள் அம்மா.

"ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டுமே. நல்லதுதானே."

நைனா செருப்பை மாட்டினார். கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று மட்டும் சொன்னார்.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை சொல்ல யாராவது உண்டா என்று ஆயர் ஆராதனையில் எல்லார் முன்னாலும் கேட்பார். முதல் ஞாயிறு அவர் கேட்டு முடித்ததும் நைனா தொண்டையைச் செருமினார்.

மொத்த சபையும் திரும்பிப் பார்த்தது. பாடகர் குழு எட்டிப் பார்த்தது. ஆயர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சளி," என்றார் நைனா.

அடுத்த இரண்டு ஞாயிறும் நைனா சர்ச்சுக்கே வரவில்லை. அந்த மூன்று வாரமும் அத்தை அவரிடம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. வழக்கம்போல் அவருக்குச் சர்க்கரை பார்த்து, மாத்திரை எடுத்துவைத்து, சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். சர்ச்சில் தன்னைக் கைப்பிடித்து அழைத்துப்போக ஆள் வேண்டாம், தானே நடந்து போகிறேன் என்று ஆயரிடம் சொல்லிவிட்டதாக மட்டும் எனக்குத் தெரியவந்தது.

அந்தத் தடவை

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பாலாற்றில் தண்ணீர் இருக்காது. நான் அதில் கிரிக்கெட் பார்த்திருக்கிறேன், சர்க்கஸ் பார்த்திருக்கிறேன், பொதுக்கூட்டம் பார்த்திருக்கிறேன். நைனாவின் தாத்தா அக்கரையிலிருந்துதான் ஆம்பூருக்கு வந்தவர். டேனரி வேலைக்காகத் தலையில் மூட்டையோடு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மணலிலேயே நடந்து வந்தாராம். எங்கள் குடும்பத்தைப் பொறுத்தவரை பாலாறு என்பது ஓர் அகலமான மணல் ரோடு.

அந்த ரோடு அத்தையின் கல்யாணத்தன்று பார்த்து ஆறாக மாறிவிட்டது. மேலே எங்கோ அணை நிரம்பி, விடிவதற்குள் தரைப்பாலத்தை மூழ்கடித்துவிட்டது.

அக்கரையில் பஸ் இல்லை. வாடகைக் கார்க்காரர்கள் வர மறுத்தார்கள். பள்ளிகொண்டா வரைக்கும் போய், அங்கிருக்கும் பெரிய பாலத்தில் ஆற்றைத் தாண்டி, சுற்றிக்கொண்டு போய் யாராவது அவரைக் கூட்டிவர வேண்டும். ஆயருக்குப் போன் போட்டேன். பன்னிரண்டு வரைக்கும் காத்திருக்கிறேன், மதியம் பக்கத்து ஊரில் இன்னொரு கல்யாணம் இருக்கிறது என்றார்.

வீட்டுக்குள் வந்திருந்த உறவுக்காரர் ஒருவர், கையில் காபியோடு பெருமூச்சு விட்டார். "ஆண்டவருக்கே இஷ்டமில்ல போல."

நைனா ஹாலில் லுங்கியோடு உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை அறையிலிருந்து வெளியே வந்தாள். பட்டுப் புடவை, பாதி குத்திய மல்லிகை. நேராக நைனாவின் முன்னால் வந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"இந்தத் தடவை மழை தடுக்குது. நெமிலி மாப்ள வந்த தடவை மழைகூட இல்லியே அண்ணா."

அவ்வளவுதான் சொன்னாள். திரும்பி உள்ளே போய்விட்டாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நைனாவுக்குப் புரிந்தது. அவர் முகம் சுண்ணாம்பில் ஊறிய தோல் மாதிரி வெளுத்துப்போனது. ரிமோட்டை வைத்துவிட்டு எழுந்தார். கொடியிலிருந்து ஒரு சட்டையை உருவி மாட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்:

"பஷீருக்குப் போன் போடு. வண்டி எடுத்துனு வரச் சொல்லு."

பள்ளிகொண்டா சுற்றி

பஷீர் பாய் நைனாவோடு ஒரே டேனரியில் வேலை பார்த்த சிநேகிதர். இப்போது சொந்தமாக ஒரு குட்டியானை மினி லாரி வைத்து, தோல் லோடு அடிக்கிறார். நைனாவை அவர் சாமு என்றுதான் கூப்பிடுவார். பத்து நிமிடத்தில் வாசலில் ஹாரன் கேட்டது.

"அரே சாமு, இன்னா பேஜாரு இது! ஏறு, ஜல்தி ஏறு. பொண்ணு, நீயும் வா, போன் பேச ஆள் வேணும்."

முன் கேபினில் மூன்று பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். வண்டி முழுக்கத் தோல் நெடி. ஆறு எங்கள் ஊருக்கு வந்த சேதி அதற்குள் பரவியிருந்தது. ரோட்டில் குடையோடும் குடையில்லாமலும் ஜனங்கள் தண்ணீர் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மா தாம்பாளத்தில் மஞ்சளும் பூவும் எடுத்துப்போனார். பஜ்ஜி வண்டிக்காரர் ஒருவர் ஆற்றங்கரையை நோக்கி வேகமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

பஜ்ஜி வண்டியையும் ஜனங்களையும் பார்த்துக்கொண்டிருந்த நான், கடைசியில் கேட்டுவிட்டேன். "நெமிலி மாப்ளன்னா யாரு நைனா?"

நைனா கண்ணாடியில் ஓடும் வைப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதி வழியில் சொன்னார்.

"கிரேசுக்கு அப்ப இருவத்திநாலு. நெமிலில இருந்து ஒரு வாத்தியார் மாப்ள. நல்ல பையன். எங்க சபை உபதேசியார்தான் கொண்டாந்தாரு. பையனுக்கு பம்பாய்ல வேலை கெடச்சிருந்துது. கல்யாணம் ஆனா கூட்டினு போய்டுவான்."

"அப்புறம்?"

"வீட்ல ஒரு கைக்குழந்தை. எட்டாம் மாசத்துலயே பொறந்துடுச்சி. பால் குடிக்காது, மூச்சு திணறும். கிரேசுதான் டியூட்டி முடிஞ்சி வந்து ராத்திரி பகலா பாத்துக்கினா. அவ போய்ட்டா குழந்தை தங்காதுன்னு எனக்கு பயம். உபதேசியார்கிட்ட, பொண்ணுக்கு இப்ப கல்யாணத்துல இஷ்டமில்லன்னு சொல்ட்டேன். அவளக் கேக்காமயே."

பஷீர் பாய் வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.

அந்தக் கைக்குழந்தை நான்தான் என்று எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எட்டாம் மாதத்தில் பிறந்தவள் எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான். என்னைப் பஞ்சில் சுற்றி வைத்து வளர்த்த கதையை அத்தை எத்தனையோ முறை சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறாள். அதில் நெமிலி வந்ததே இல்லை.

"அவளுக்குத் தெரியாதுன்னு நெனச்சினு இருந்தேன்," என்றார் நைனா. "இவ்ளோ வருஷமும்."

"அப்ப இந்தக் கல்யாணத்துக்கும் எதுக்குய்யா மொறச்சினு இருந்த?" என்று கேட்டார் பஷீர் பாய்.

நைனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார். "அவ இல்லாம அந்த வீட்ல எனக்கு இருக்கத் தெரியாது பஷீரு."

அப்போது அம்மாவின் போன் வந்தது நல்லதாகப் போயிற்று. "பிரியாணிக்காரர் தம் போட்டுட்டாரு. இப்ப ஒடைக்கவா வேணாமான்னு கேக்குறாரு. இன்னா சொல்றது?"

"கை வைக்க வேணான்னு சொல்லு!" என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள்

பள்ளிகொண்டா பாலத்தில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. தூணுக்குத் தூண் செம்மண் நிறத்தில் தண்ணீர் முட்டிக்கொண்டு போனது. அதைத் தாண்டி அக்கரைக் கிராமத்துக்குள் நுழைய ஒன்பதே முக்கால் ஆகிவிட்டது.

பஸ் நிறுத்தத்தில் ஒரு மனிதர் கோட்டுப் போட்டு, பேன்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டு, ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். பக்கத்தில் அவர் மகள், மாலைப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக் குடை பிடித்திருந்தாள். தன் மகனையும் கணவரையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

நைனா இறங்கினார். எபினேசர் ஷூவைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பினார்.

"வாங்க மச்சான்."

அந்த முறைச்சொல் நைனாவை ஓர் அடி பின்னால் தள்ளியது என்றே நினைக்கிறேன். "ஏறுங்க. நேரமாவுது," என்றார்.

எங்கே ஏறுவது என்பதில் சண்டை வந்தது. மாப்பிள்ளை முன்னால் உட்கார வேண்டும் என்றார் நைனா. பெரியவர் முன்னால் உட்கார வேண்டும் என்றார் மாப்பிள்ளை. பஷீர் பாய் பொறுமை இழந்து, மாலையையும் மகளையும் கேபினில் ஏற்றிக் கதவைச் சாத்தினார். எதிர்க்கடையில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி இரவல் வாங்கிப் பின்னால் போட்டார். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். நான் தோல் கட்டும் சாக்கு மேல் உட்கார்ந்துகொண்டேன். தலைக்கு மேல் தார்ப்பாயை மூன்று பேரும் பிடித்துக்கொண்டோம்.

ஐந்து மைல் வரைக்கும் தார்ப்பாய் மட்டும்தான் சத்தம் போட்டது. பிறகு நைனா கேட்டார்.

"இன்னாத்துக்கு இந்த வயசுல கல்யாணம்?"

எபினேசர் கோபப்படவில்லை. யோசித்துத்தான் பதில் சொன்னார்.

"சமையல் நானே பண்ணிக்கிறேன் மச்சான். துணி நானே தொவைக்கிறேன். அதுக்கெல்லாம் ஆள் தேடல. டிவில எதனா பாத்து சிரிச்சா, சிரிச்சிக்கினே பக்கத்துல திரும்பிப் பாப்போம் பாருங்க, அங்க யாரும் இல்ல. அதான் தாங்கல."

அந்த நேரம் பார்த்து வண்டி ஒரு பெரிய பள்ளத்தில் இறங்கி ஏறியது. நைனாவின் நாற்காலி வழுக்கியது. எபினேசர் அவரைப் பிடிக்கத் தாவினார். தார்ப்பாயில் தேங்கியிருந்த தண்ணீர் மொத்தமும் இரண்டு பேர் தலையிலும் கொட்டியது. கோட்டும் சட்டையும் தொப்பலாக நனைந்து, ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி சாக்கு மேல் விழுந்து கிடந்தார்கள்.

முதலில் யார் சிரித்தது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் பள்ளிகொண்டா பாலம் திரும்ப வரும்வரை அந்தச் சிரிப்பு நிற்கவில்லை.

பாட்டு தீர்ந்த சர்ச்

சர்ச் வாசலில் இறங்கியபோது பன்னிரண்டுக்கு ஏழு நிமிடம். உள்ளே பாடகர் குழு கிறிஸ்துமஸ் பாட்டு பாடிக்கொண்டிருந்தது. நவம்பர் மாதத்தில் ஏன் என்று பிறகு கேட்டோம். இரண்டரை மணி நேரத்தில் தெரிந்த கல்யாணப் பாட்டெல்லாம் தீர்ந்துபோய்விட்டதாம்.

அத்தை வாசல் படியருகே நின்றிருந்தாள். ஈரக் கோட்டோடு உள்ளே ஓடிய மாப்பிள்ளையைப் பார்த்து, "தலையத் தொடச்சிக்குங்க, சளி புடிக்கும்" என்றாள். பிறகு நைனாவைப் பார்த்தாள்.

நைனா அவளருகே போனார். "கிரேசு, அந்த நெமிலி..."

"அப்புறம் பேசலாம். நேரா நில்லு. பொத்தான மாத்திப் போட்டிருக்க."

சபை மொத்தமும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் அவர் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள். முடித்ததும் தன் கையை அவர் முழங்கைக்குள் நுழைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் நடந்தார்கள். நைனாவின் செருப்பு ஒவ்வோர் அடிக்கும் சதக் சதக் என்றது. தோல் நாற்றம் பீடம் வரைக்கும் போனதாக ஆயர் பின்னால் சொன்னார்.

பன்னிரண்டரைக்கு பிரியாணியின் தம்மை உடைத்தார்கள்.

நாலாம் நாள்

கல்யாணம் முடிந்த கையோடு பொண்ணையும் மாப்பிள்ளையையும் அக்கரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். ஆறு விடவில்லை. சாயங்காலத்துக்குள் பள்ளிகொண்டா பக்கமும் வண்டி போகக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளையும் அவர் மகளும் எங்கள் வீட்டிலேயே தங்கினார்கள்.

அந்த மூன்று நாளும் எங்கள் ஹாலில் டிவி சத்தத்தை விடச் சிரிப்புச் சத்தம் ஜாஸ்தி. நைனா பஸ் ஓட்டின கதைகளைக் கேட்டார். எபினேசர் தோல் கதைகளைக் கேட்டார்.

இரண்டாம் நாள் சமையலறையில் நைனாவும் அத்தையும் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்கள். நான் அம்மியடியில் இருந்தேன்.

"தப்பு பண்ணிட்டேன் கிரேசு."

"ஆமா, பண்ணிட்ட."

"எப்பலருந்து தெரியும்?"

"அடுத்த வருஷமே. உபதேசியார் சம்சாரம் எங்க வார்டுலதான் பிரசவத்துக்கு வந்தா." அத்தை பூண்டுத் தோலை ஊதித் தள்ளினாள். "நீ என்னக் கேட்டிருந்தா நானும் போவலன்னுதான் சொல்லியிருப்பேன். இவ அப்ப கோழிக்குஞ்சு மாதிரி இருந்தா. விட்டுட்டு எங்க போறது? ஆனா நீ கேக்கல. அது ஒண்ணுதான் எனக்கு வருத்தம்."

நைனா அழுதார். வெங்காயமாக இருந்தால் சாக்குச் சொல்லலாம், பூண்டுக்கு யாரும் அழுவதில்லை. அத்தை முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டு, இன்னும் இரண்டு பூண்டை அவர் பக்கம் தள்ளினாள்.

நாலாம் நாள் காலை மழை விட்டிருந்தது. அத்தை துணிகளை அடுக்கிப் பையை வாசலில் வைத்தாள். நைனா பாலத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சைக்கிளில் போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, இறங்காமலே சொன்னார்.

"இன்னும் போலீஸ் விடல. தண்ணி பாலத்து மேலதான் போவுது. நாளைக்குப் பாக்கலாம்."

அப்போது வாசலில் அம்மாவின் பாத்திரத்தில் பால்காரர் பால் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் அக்கரைக்காரர். மூன்று நாளாக வராதவர். வண்டிச் சக்கரம் இரண்டும் காய்ந்து, துளி சேறு இல்லாமல் இருந்தது.

அத்தை பால்காரரைப் பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள். நைனா சைக்கிள் மணியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆமாண்ணா," என்றாள் அத்தை. "இவ்ளோ தண்ணில எப்படிப் போறது?"

பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.